நுரையை நிறுத்துப் பார்ப்போம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், ஐந்தருவியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையில் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, கடைவாசலில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கித் தின்றுவிட்டு, பசி எடுக்கும் நேரத்தில் என் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள். செயலாளர் அண்ணன் என்னிடம், "உன் தொழிலைப் பத்திப் பேசு. ஆனா சாப்பாடு ஆறிடப்படாது" என்று சொல்லியிருக்கிறார். ஆறாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழிலே. சூடானது ஆறாமலும், குளிர்ந்தது சூடாகாமலும் இருக்க நடுவில் ஒரு பொருளை வைக்கிறோமே, அந்த இன்சுலேஷன்தான் பத்துப் பன்னிரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுகிறது.

அதில் ஒரே ஒரு விஷயத்தை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிற ஃபோம் இன்சுலேஷன், பஃப் பேனல், பிஐஆர் பலகை, நைட்ரைல் ரப்பர் ஷீட் இதெல்லாம் சொன்ன தரத்தில்தான் இருக்கிறதா, சொன்ன நாட்டிலிருந்துதான் வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோல்டு ஸ்டோரேஜ் கட்டுகிறவர், மீன் வண்டிக்கு பாடி கட்டுகிறவர், பால் குளிரூட்டும் நிலையம் வைத்திருப்பவர், ஆஸ்பத்திரிக்கு ஏசி டக்ட் போடுகிற கான்ட்ராக்டர் என்று நம்மில் பல பேருக்கு இது அன்றாடப் பிரச்சினை. படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாளைக்கு வரப்போகிற பிரச்சினை.

முதலில் ஃபோம் என்றால் என்ன என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். குளிர்பதன அறைச் சுவரில் இருக்கும் பாலியூரிதேன் நுரையின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோ. நுரைக்காத கெட்டி பாலியூரிதேன் ஒரு கன மீட்டர் 1,200 கிலோ பக்கம் இருக்கும். அப்படியென்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பலகையில் பிளாஸ்டிக் 3 சதவீதம்தான். மீதி 97 சதவீதம் காற்றும் வாயுவும். வெப்பத்தைத் தடுப்பது பெரும்பாலும் அந்தச் சின்னச் சின்ன அறைகளுக்குள் அடைபட்ட வாயு. கண்ணுக்குத் தெரியாத பொருளைத்தான் விலை பேசுகிறோம். ஏமாற்ற இதைவிட வசதியான சரக்கு எங்கே கிடைக்கும்?

கேட்கிறவர் வாங்குகிறவராக இருந்தால், "கொஞ்சம் தரம் குறைஞ்சா என்ன, கரண்டு கொஞ்சம் கூட ஓடும், அவ்வளவுதானே" என்பார். அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஒரு குளிர் அறை. சுவர், கூரை, தரை சேர்த்து 248 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் ஃபோம். உள்ளே 5 டிகிரி, வெளியே 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெப்பக் கடத்துத்திறன் 0.023 வாட் என்றால் உள்ளே நுழையும் வெப்பம் ஏறத்தாழ 1,700 வாட். அதே பலகை 0.032 ஆக இருந்தால் 2,380 வாட். வித்தியாசம் 670 வாட். கம்ப்ரசர் ஒரு பங்கு மின்சாரத்தில் இரண்டரைப் பங்கு வெப்பத்தை வெளியே தள்ளும் என்று எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு 2,300 யூனிட் கூடுதல். சின்ன அறைக்கே இது. பதினைந்து வருடம் ஓடும் அறைக்குக் கூட்டிப் பாருங்கள். பலகையில் மிச்சம் பிடித்த காசு மின்சார பில்லில் போய்விடும். அதுவாவது போனால் போகட்டும். நெருப்பு என்று வரும்போது போவது உயிர். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த இடத்தில் சிற்றாறு ஐந்தாகப் பிரிந்து விழுவதால் ஐந்தருவி என்று பெயர். நானும் என் சோதனைகளை ஐந்தாகவே பிரித்துக்கொள்கிறேன். ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது.

முதலாவது, தராசு.

காலையில் பழக்கடையில் நம்ம ஆட்கள் எல்லோரும் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் கவனித்தேன். அரைக் கிலோ ரம்புட்டானுக்கு அவ்வளவு உஷார். லட்சக்கணக்கில் ஃபோம் வாங்கும்போது மட்டும் யாரும் தராசைத் தேடுவதில்லை. 30 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 5 கனம் உள்ள ஒரு துண்டை அறுத்து, மேலே ஒட்டியிருக்கும் தாள், ஃபாயில் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 40 கிலோ அடர்த்தி என்றால் 180 கிராம் இருக்க வேண்டும். 144 கிராம் காட்டினால் உங்களுக்கு வந்திருப்பது 32 கிலோ சரக்கு. இதற்கு லேபே வேண்டாம்.

இன்னும் சொல்லப்போனால் சரக்கு வருவதற்கு முன்னாலேயே நிறுத்துப் பார்க்கலாம். பில் ஆஃப் லேடிங்கிலும் பேக்கிங் லிஸ்ட்டிலும் எத்தனை பலகை, என்ன அளவு, நிகர எடை எவ்வளவு என்று இருக்கும். எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். டேட்டா ஷீட்டைத் தயாரிக்கிறவர் வேறு, கப்பலுக்கு எடை எழுதுகிறவர் வேறு. முதலாமவர் எழுதின பொய்யை இரண்டாமவர் தெரியாமலே காட்டிக்கொடுத்துவிடுவார்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நம்ம பக்கத்து எலுமிச்சை வியாபாரி ஒருவர் குளிர்பதனக் கிடங்கு கட்டினார். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அண்ணாச்சி என்றே சொல்கிறேன். சுவருக்கு வெளிநாட்டுப் பலகை, தூத்துக்குடி வழியாக வந்து இறங்கியது. வந்த சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர், 50 மில்லிமீட்டர் கனம், மொத்தம் 1,800 பலகை. கன அளவு 64.8 கன மீட்டர். டேட்டா ஷீட்டில் அடர்த்தி 40. அப்படியானால் ஏறத்தாழ 2,590 கிலோ இருக்க வேண்டும். கப்பல் தாளில் நிகர எடை 2,010 கிலோ. வகுத்தால் 31. சரக்கு இறங்கியதும் பத்துப் பலகையை எடுத்து நிறுத்தோம். அதுவும் 31, 32 என்றே வந்தது.

அண்ணாச்சி சைட்டில்தான் நின்றார். "என்ன தம்பி இப்படிச் சொல்லுதீய? பேப்பர் எல்லாம் சரியாத்தான இருக்கு? பெறவு என்ன?" என்றார். பேப்பர் சரியாக இருக்கிறது, பலகை சரியாக இல்லை என்றேன். "பேங்க்காரனுக்கு மாசம் பொறந்தா வட்டி கெட்டணும். சீசனுக்குள்ள ரூமு ஓடணும். ஒரு கையெழுத்துல என் பொழப்பை நிறுத்துதீயளே" என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. எனக்கும் மேலிடத்திலிருந்து போன், "விலையில கொஞ்சம் குறைச்சுக்கிட்டு ஏத்துக்கிட்டா என்ன?" என்று. இந்தக் கதையின் மீதியை இரண்டாவது அருவியில் சொல்கிறேன்.

இரண்டாவது, தாள்.

டெஸ்ட் ரிப்போர்ட் போலியா, அசலா என்று மட்டும் பார்த்தால் பாதி வேலைதான் ஆகும். அசல் ரிப்போர்ட்டே வேறு சரக்குக்கு உரியதாக இருக்கலாம். அண்ணாச்சியின் சரக்கோடு வந்த ரிப்போர்ட்டின் எண்ணைக் குறிப்பிட்டு, அதைக் கொடுத்த வெளிநாட்டு லேபுக்கே எழுதிக் கேட்டேன். நாலு நாளில் பதில் வந்தது. ரிப்போர்ட் அவர்களுடையதுதான். ஆனால் சோதனைக்குக் கொடுத்தது வேறு பெயருள்ள தொழிற்சாலை. கனமும் வேறு. அதிலும் பல வருடங்களுக்கு முந்திய சாம்பிள்.

நமக்குத்தான் இப்படி, வெள்ளைக்காரன் நாட்டில் இப்படி நடக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். தீ அவ்வளவு வேகமாகப் பரவ முதல் காரணம், வெளிச்சுவரில் பொருத்தியிருந்த, நடுவில் பாலிஎதிலீன் வைத்த அலுமினியத் தகடு என்று விசாரணை ஆணையம் கண்டறிந்தது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருந்தது ஃபோம் இன்சுலேஷன். பெரும்பகுதி செலோடெக்ஸ் ஆர்எஸ்5000, கொஞ்சம் கிங்ஸ்பான் கே15. நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான ஆணையத்தின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பர் 4 அன்று வெளிவந்தது. அதில் இந்த இரண்டு பொருளின் சோதனைக் கதையும் விரிவாக இருக்கிறது.

செலோடெக்ஸ் பலகை 2014-ல் முதல் சோதனையில் தேறவில்லை. அதே வருடம் இரண்டாவது சோதனையில், வெப்பத்தை அளக்கும் இடங்களை ஒட்டி, எளிதில் எரியாத மெக்னீசியம் ஆக்சைடு பலகைகளை உள்ளே வைத்தார்கள். தேறிவிட்டது. வெளியே போன ரிப்போர்ட்டில் அந்தப் பலகைகளைப் பற்றிப் பேச்சில்லை. கே15-ன் கதை வேறு மாதிரி. 2005-ல் சோதனை செய்தார்கள். 2006-ல் பொருளின் கலவை மாறியது. ஆனால் பழைய சோதனையைக் காட்டியே விற்பனை தொடர்ந்தது. அந்த ரிப்போர்ட்டை 2020-ல்தான் திரும்பப் பெற்றார்கள். இரண்டிலும் கவனியுங்கள், முத்திரை, கையெழுத்து, லேப் எல்லாம் அசல். பொருளுக்கும் தாளுக்கும் நடுவில் இருந்த நூல்தான் அறுந்திருந்தது.

ஆகவே ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தால் ஆறு கேள்வி கேளுங்கள். சோதனைக்குக் கொடுத்தது யார்? எந்தத் தொழிற்சாலைச் சரக்கு? என்ன கனம், என்ன அடர்த்தி? எந்தத் தேதி? எந்த முறைப்படி சோதித்தார்கள்? சாம்பிளை எடுத்தது லேப் ஆளா, விற்கிறவரே கொண்டுவந்து கொடுத்தாரா? இந்திய லேப் என்றால் என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட இந்தச் சோதனைக்கும் சேர்த்தா என்று இணையத்தில் பார்த்துவிடலாம். ஐஎஸ்ஐ முத்திரை போட்டிருந்தால் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு என்று வந்துவிடும். கெட்டியான பாலியூரிதேன், பிஐஆர் நுரைக்கு ஐஎஸ் 12436 என்றும், தெர்மோகோல் பலகைக்கு ஐஎஸ் 4671 என்றும் நம் நாட்டுத் தரநிலைகள் இருக்கின்றன. ஆர்டர் போடும்போதே அந்த எண்ணை எழுதிவிடுங்கள். ஆர்டரில் எழுதாததைப் பிறகு சண்டை போட்டு வாங்க முடியாது.

அண்ணாச்சி கதையை முடித்துவிடுகிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை. சப்ளையரின் ஆளை வரவழைத்து, அவர் கண்முன்னால் அவர் காட்டின பலகையையே நிறுத்தோம். சரக்கு மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். மாற்றுச் சரக்கு வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. சீசன் தப்பிவிட்டது. அண்ணாச்சிக்கு நஷ்டம் நஷ்டம்தான். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பார்த்தால், "வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த அறை மட்டும் நன்றாக ஓடுகிறது. தரத்தைப் பார்த்தால் எல்லோரும் மாலை போடுவார்கள் என்று தம்பிமார் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது, ஊர். அதாவது சரக்கு உண்மையில் எங்கே பிறந்தது என்பது.

ஒரு நாட்டில் செய்த பலகையை இன்னொரு நாட்டில் இறக்கி, அளவாக அறுத்து, புதுப் பெட்டியில் போட்டு, அந்த இரண்டாவது நாட்டின் சரக்காக அனுப்புவது உண்டு. காரணம் சுங்க வரி. ஆசியான் நாடுகளோடு இந்தியா செய்த சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பொது விதிப்படி வரிச் சலுகை கேட்கிற பொருளில் 35 சதவீத மதிப்பு அந்த வட்டாரத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஆறு இலக்க வரித் தலைப்பும் மாறியிருக்க வேண்டும். பாலியூரிதேன் நுரைக் கட்டியும் 3921.13 தான், அதை அறுத்த பலகையும் 3921.13 தான். வெறுமனே அறுத்ததால் ஊர் மாறிவிடாது.

2020 செப்டம்பர் 21 முதல், இறக்குமதி செய்கிறவர் மூலச் சான்றைக் காட்டினால் மட்டும் போதாது, பொருள் எப்படி அந்த நாட்டுச் சரக்காகத் தகுதி பெற்றது என்ற விவரத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும் என்று சுங்க விதி வந்துவிட்டது. நீங்கள் நேரடியாக இறக்குமதி செய்யாவிட்டாலும் சப்ளையரிடம் கேளுங்கள். "பில் ஆஃப் என்ட்ரி நகல் கொடுங்க, விலையை வேணும்னா மறைச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். கன்டெய்னர் எண்ணை வாங்கி, கப்பல் கம்பெனி தளத்தில் போட்டால் எந்தத் துறைமுகத்தில் ஏற்றினார்கள் என்று தெரியும். அந்த எண்ணில் நாலு எழுத்து, ஏழு இலக்கம் இருக்கும். கடைசி இலக்கம் முன்னால் உள்ளவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. வாய்க்கு வந்த எண்ணை எழுதினால் பெரும்பாலும் அந்த இலக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் அந்த முறையைப் பார்த்து வையுங்கள், சுவாரஸ்யமாக இருக்கும்.

ஊரைத் தெரிந்துகொள்வதில் வரியைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. நுரைக்குள் என்ன வாயு என்பது. முன்பு ஃபோமை உப்பவைக்க சிஎஃப்சி-11 என்ற வாயுவைப் பயன்படுத்தினார்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று உலகம் முழுக்க அதன் உற்பத்தி 2010-க்குள் நிறுத்தப்பட்டது. ஆனால் 2018-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் காற்றை அளந்து பார்த்துவிட்டு, இந்த வாயு குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை, யாரோ புதிதாகச் செய்கிறார்கள் என்று எழுதினார்கள். 2019-ல் கொரியாவின் ஜேஜு தீவிலும் ஜப்பானின் ஹதேருமா தீவிலும் உள்ள நிலையங்களின் அளவுகளை வைத்து, கிழக்குச் சீனாவிலிருந்து வருடத்துக்கு ஏறத்தாழ 7,000 டன் கூடுதலாக வெளியேறுகிறது, அதுவும் பெரும்பாலும் ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களைச் சுற்றி என்று கண்டுபிடித்தார்கள். இதற்கிடையே ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு விசாரித்ததில், சில ஃபோம் கம்பெனிக்காரர்களே தாங்கள் அதைப் பயன்படுத்துவதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். மலிவு, நுரையும் நன்றாக வரும் என்பதுதான் காரணம். சீன அரசு நடவடிக்கை எடுத்த பிறகு வெளியேற்றம் குறைந்துவிட்டதாக 2021-ல் அளவுகள் காட்டின. பாருங்கள், காற்றை மோந்து பார்த்தே தொழிற்சாலை எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் நம்முடைய லேபிள் எந்த மூலைக்கு?

இந்தியாவில், அதற்கு அடுத்து வந்த எச்சிஎஃப்சி-141பி என்ற வாயுவும் 2020 ஜனவரி 1 முதல் தடை. அதைக் கலந்து வைத்த பாலியால் திரவத்துக்கும் இது பொருந்தும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு 40 அடி கன்டெய்னரில் 70 கன மீட்டர் பலகை அடுக்கினாலும் எடை மூன்று டன்னைத் தாண்டாது. காற்றுக்குத்தான் கப்பல் வாடகை. அதனால் நிறையப் பேர் பலகையை விட்டுவிட்டு, பாலியாலையும் ஐசோசயனேட்டையும் பீப்பாயில் கொண்டுவந்து இங்கேயே நுரைக்கிறார்கள். அப்போது பலகையில் உள்ளூர் முகவரி இருக்கும். பிறந்த ஊர் பீப்பாயில் இருக்கும். பீப்பாயின் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, எந்த வாயுவால் நுரைக்கிறீர்கள் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஐசோசயனேட் ஈரம் பட்டால் கெட்டுப்போகும். நாள்பட்ட பீப்பாய், விகிதம் தப்பிய கலவை எல்லாம் பலகையில் தெரியும். ஐசோசயனேட் கூடினால் நகத்தால் தேய்த்தாலே பொடிப்பொடியாக உதிரும். பாலியால் கூடினால் மெத்தென்று இருக்கும், பிறகு சுருங்கும்.

நாலாவது, தண்ணீர்.

குற்றாலத்துச் சாரல் நமக்கு சொர்க்கம். குளிர்பதன அறைக்கு அதுதான் எமன். வெளியே ஈரக் காற்று, உள்ளே குளிர். நீராவி எப்போதும் குளிர்ந்த பக்கம் போகத் துடிக்கும். நுரையின் அறைகள் மூடியிருந்தால் அதனால் உள்ளே எளிதில் போக முடியாது. திறந்திருந்தால் போய் உட்கார்ந்துவிடும். நுரையோடு ஒப்பிட்டால் தண்ணீர் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். பனிக்கட்டியானால் ஏறத்தாழ நூறு மடங்கு. நல்ல ஃபோமில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மூடிய அறையாக இருக்க வேண்டும்.

இதற்கு வீட்டுச் சோதனை உண்டு. பத்து சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்றை அறுங்கள். நிறுத்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் மேலே கல் வைத்து அமுக்கி 24 மணி நேரம் வையுங்கள். எடுத்துத் துணியால் ஒற்றிவிட்டுத் திரும்ப நிறுங்கள். மேற்பரப்பில் அறுபட்ட அறைகளில் கொஞ்சம் தண்ணீர் தங்கத்தான் செய்யும், பத்திருபது கிராமை விட்டுத்தள்ளுங்கள். நூறு கிராம் குடித்திருந்தால் அது இன்சுலேஷன் இல்லை, ஸ்பான்ஜ். இன்னொரு துண்டை அளந்து, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு நாளும், 70 டிகிரி அவனில் இரண்டு நாளும் வைத்து மறுபடி அளங்கள். கோணி வளைந்து சுருங்கினால், சுவரில் ஒட்டிய பிறகும் அதையேதான் செய்யும். பலகைக்குப் பலகை இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் பனி கட்டும்.

வெப்பக் கடத்துத்திறனுக்கு மட்டும் லேப் வேண்டும். அதிலும் இரண்டு கேள்வி. எந்த வெப்பநிலையில் அளந்தது? ஐரோப்பிய ரிப்போர்ட்டில் பெரும்பாலும் சராசரி 10 டிகிரி, அமெரிக்க முறையில் 24 டிகிரி. 10 டிகிரியில் எண் அழகாகத் தெரியும். இரண்டாவது, புதுப் பலகையில் அளந்ததா, முதிர்ந்த பிறகா? நாளாக ஆக உள்ளே இருக்கும் நல்ல வாயு மெல்ல வெளியேறி, வெளிக்காற்று உள்ளே வரும். அறுத்த அன்றைக்கு 0.020 காட்டும் பலகை, வருடங்கள் போனால் 0.025-ஐ ஒட்டி வந்து நிற்கும். முதிர்ந்த மதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது, நெருப்பு. இதில்தான் விளையாடக் கூடாது.

விற்பனைக்காரர் லைட்டரை எடுத்து ஒரு துண்டில் காட்டுவார். தீ பிடிக்கும், லைட்டரை எடுத்ததும் அணையும். "பாத்தீங்களா சார், தானா அணையும் சரக்கு" என்பார். 1973-ல் அமெரிக்காவில் இதே வார்த்தைக்குத்தான் வழக்கு வந்தது. சின்னத் துண்டைச் சின்னச் சுடரில் காட்டும் ஒரு சோதனையை வைத்துக்கொண்டு, "தானே அணையும்", "எரியாதது" என்று ஃபோமை விற்றதற்காக 25-க்கு மேற்பட்ட தரப்புகள் மீது மத்திய வர்த்தக ஆணையம் புகார் போட்டது. பிளாஸ்டிக் தொழில் சங்கமும், அந்தச் சோதனை முறையை வெளியிட்ட ஏஎஸ்டிஎம் அமைப்பும் அதில் உண்டு. மறு வருடம் சமரச உத்தரவு வந்தது. அந்த வார்த்தைகளை விட்டுவிட ஒத்துக்கொண்டார்கள், நுரையின் தீ ஆபத்தை ஆராய 50 லட்சம் டாலரும் ஒதுக்கினார்கள். ஐம்பது வருடம் ஆகிவிட்டது. நம்ம ஊரில் லைட்டர் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

துண்டு எரிவது வேறு, சுவர் எரிவது வேறு. மூடிய அறையில் நாலு சுவரும் ஒன்றையொன்று சூடேற்றும். பாலியூரிதேன் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். தென்கொரியாவின் இச்சோன் நகரில் 2008 ஜனவரி 7 அன்று ஒரு குளிர்பதனக் கிடங்கு தீயில் 40 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே நகரில் 2020 ஏப்ரல் 29 அன்று, கட்டிக்கொண்டிருந்த இன்னொரு கிடங்கில் 38 பேர் இறந்தார்கள். இரண்டிலும் யூரிதேன் நுரை. இறந்தவர்கள் முதலாளிகள் இல்லை. வெல்டிங் பண்ணுகிறவர், பைப் போடுகிறவர், ஃபோம் அடிக்கிறவர். நம்ம சைட்டில் உள்ளே நின்று வேலை செய்கிறார்களே, அதே மாதிரி ஆட்கள்தான்.

அதனால் முழுச் சுவர் அமைப்பாகச் சோதித்த ரிப்போர்ட் இருக்கிறதா, அந்த அமைப்பும் நீங்கள் கட்டப்போகிற அமைப்பும் ஒன்றா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ரூர்க்கியில் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் தீ ஆய்வகம் இருக்கிறது. பிளாஸ்டிக் சோதனைக்குச் சென்னை கிண்டியில் சிபெட் இருக்கிறது. தயவுசெய்து குடோனுக்குள் நின்று கொளுத்திப் பார்க்காதீர்கள். ஃபோம் ஒட்டும் நாளில் வெல்டிங் வேண்டாம். வெல்டிங் நாளில் ஃபோமை உள்ளே அடுக்க வேண்டாம். இதற்கு ரிப்போர்ட்டும் தேவையில்லை, செலவும் இல்லை.

ஐந்தையும் சொல்லிவிட்டேன். தராசு, தாள், ஊர், தண்ணீர், நெருப்பு.

இறக்குமதி என்றாலே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அருமையான வெளிநாட்டுச் சரக்கைக் கையாண்டிருக்கிறேன், மட்டமான உள்ளூர்ச் சரக்கையும் பார்த்திருக்கிறேன். தொலைவு கூடக் கூடக் கேள்வி கேட்பது கஷ்டமாகிவிடுகிறது, அவ்வளவுதான். பெரிய கம்பெனிக்கு ஆய்வாளரை அனுப்பி, தொழிற்சாலையிலேயே சாம்பிள் எடுக்க வசதி உண்டு. அண்ணாச்சி மாதிரி, நிலத்தை அடமானம் வைத்து ஒரே ஒரு அறை கட்டுகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? அவர் நம்புவது நம்முடைய ஒரு கையெழுத்தை மட்டும்தான்.

இதற்காகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம்ம கல்லூரி இயற்பியல் லேபில் லீஸ் டிஸ்க் சோதனை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். ஆவி வரக் காத்திருந்த நேரத்தில் அடித்த அரட்டைதான் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். கெட்ட கடத்தியின் கடத்துத்திறனை அளக்கும் அதே தத்துவத்தில், இன்சுலேஷன் பலகைக்கென்றே வெப்பப் பாய்வு மானி என்ற கருவி இருக்கிறது. ஏஎஸ்டிஎம் சி 518 என்ற முறைப்படி அளப்பது. அதை ஒன்று வாங்கிக் கல்லூரியில் வைப்போம். கூடவே ஒரு நல்ல தராசு, ஒரு அவன், ஒரு ஃப்ரீசர். இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்டாக, பேராசிரியர் மேற்பார்வையில், இந்த மாவட்டத்தில் சின்னக் குளிர் அறை கட்டுகிறவர்கள் கொண்டுவரும் துண்டைக் குறைந்த கட்டணத்தில் சோதித்துச் சொல்லட்டும். அதிகாரபூர்வ சான்றிதழ் கொடுக்க வேண்டாம், அது அங்கீகாரம் பெற்ற லேபின் வேலை. "இது சொன்னபடி இருக்கு, இது இல்லை, லேபுக்கு அனுப்புங்க" என்று சொன்னாலே போதும். சரக்கை இறக்குவதற்கு முன்னால் ஒருவருக்கு அது தெரிந்தால், சீசனும் தப்பும், பணமும் தப்பும். என் பங்காக முதல் வருடச் சோதனைகளுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை நானே வந்து மாணவர்களோடு உட்காருகிறேன். கருவிக்கான நிதியைப் பற்றி இன்று மாலைப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர அனுமதி கேட்கிறேன்.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே யாராவது ஒரு தாளை நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டிதான் தம்பி, போடுங்க" என்பார்கள். பேனாவை எடுப்பதற்கு முன்னால் தராசு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

 சாப்பாடு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.